திண்டுக்கல்லில் வில் வாங்கினோம்

திண்டுக்கல்லுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது வழக்கமில்லை. குடும்பத் தலைவர் போனால் கனமாக ஒரு பூட்டு வாங்கி வருவார். நம் போன்ற பெண்கள் போனால் மதுரை ரோட்டில் சின்னாளப்பட்டியில் இறங்கி, சுங்கடிப் புடைவை இரண்டாவது எடுக்காமல் ஊர் திரும்ப மாட்டோம். குழந்தைகள் உள்ள வீடென்றால் சிறுமலை வாழைப்பழம். சாப்பாட்டுப் பிரியர்கள் சீரகச் சம்பா பிரியாணியை வயிற்றிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் என் சிநேகிதியும் போன மாதம் அந்த ஊரில் என்ன வாங்கினோம் தெரியுமா? இரண்டு வில்!

ஜனகர் சபையில் ராமன் ஒடித்தானே, அந்த ஜாதி வில் அல்ல. ஆனால் ஒடிந்த வில்லால்தான் எங்கள் கதையும் ஆரம்பமாயிற்று.

வில்வண்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பாட்டி வீட்டில் ஒன்று இருந்திருக்கவும் கூடும். பாரவண்டியில் அச்சின் மேல் நேராகப் பலகை உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் முதுகெலும்பும் கல்லில் ஏறும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவே, வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதிர்ச்சியைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் 1804-இல் கோச்சு வண்டிக்கு இத்தகைய வில்லை அமைத்துப் பேட்டன்ட் வாங்கினார். நம் பக்கத்தில் இது சௌகரியமாக மட்டும் இருக்கவில்லை, கௌரவமாகவும் ஆகிவிட்டது. யார் வில்வண்டியில் போகலாம், யார் போகக் கூடாது என்று கூட விதி வைத்தார்கள். திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தம்மவர்கள் நடக்கவே கூடாது என்றிருந்த ராஜபாட்டையில் ஓட்டிக்கொண்டு போனார். சரித்திரமே அந்தப் பட்டைகளின் மேல் ஏறிப் போயிருக்கிறது!

அந்த வில்தான் பிறகு பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஜீப்புக்கும் வந்தது. 1912-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட்டதும், 1920-இல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டியதும் இந்தச் சீமையின் கதைகள். (சுந்தரம் ஐயங்காரின் புதல்வி டாக்டர் சௌந்தரம்தான் 1947-இல் தம் கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். புடைவைக் கடைக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.) ஜீப் வந்தது இரண்டாவது உலக யுத்தத்தோடு. சுதந்திரம் வந்த கையோடு, 1940-களின் கடைசியில், பம்பாயில் மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இங்கேயே பூட்டி விற்கத் தொடங்கியது. 1952-இல் சமூக வளர்ச்சித் திட்டம் வந்ததும் பி.டி.ஓ. ஜீப், பின்னால் தேர்தல் ஜீப், எஸ்டேட் ஜீப் என்று அது ஊர் ஊராகப் புழுதி கிளப்பிற்று.

எஸ்டேட் ஜீப் ஒன்றுதான் நம் கதாநாயகி. கதாநாயகன் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் வீட்டில் எல்லோரும் அதை "அவள்" என்றே சொல்கிறார்கள்.

திண்டுக்கல் ஊரை நீங்கள் மேலிருந்து பார்க்க வேண்டும். கோட்டைப் பாறை மேல் ஏறி நின்றால் விஷயம் விளங்கிவிடும். கிழக்கே தென்புறமாகச் சிறுமலை. மேற்கே அடுக்கடுக்காகப் பழனி மலை. நடுவே, தலையணை போட்டது போல் இந்தப் பாறை. திண்டு மாதிரி இருக்கிற கல், அதனால் திண்டுக்கல் என்கிறார்கள். சுற்றிலும் காய்ந்த சமவெளி. 1605-இல் மதுரை நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி வந்து இங்கே அதிகாரம் செய்தார். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம்தான் பேகம்பூர். மலைத் தோட்டங்களில் விளைகிற காப்பி, மிளகு, வாழை எல்லாம் இறங்கி வருகிற வாசல் இந்தச் சமவெளி. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு இருக்கிறது. ஆனால் ரோடு முடிந்த பிறகு தோட்டம் வரைக்கும்? அங்கே குதிரை மேல் மூட்டை ஏற்றுகிறார்கள். குதிரை இல்லாத இடத்தில் ஜீப்.

என் சிநேகிதியின் மாமியார் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருக்கிறார். வயது 79. பேரன் அவரை அப்பத்தா என்று அழைப்பதால் எனக்கும் அவர் அப்பத்தாதான். 1960-களில் அவருடைய கணவர் வாங்கிய ஜீப், முகம் உயர்ந்த சி.ஜே.3பி, பெட்ரோல் என்ஜின். கணவர் போய்விட்டார், ஜீப் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கல்லுப் பாதை. மாதம் இருமுறை அப்பத்தா டாக்டரிடம் வர வேண்டும். போன மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ஒரு குலுக்கல். முதுகில் வலி. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு மெலிந்திருக்கிறது. இன்னொரு தடவை இப்படிக் குலுங்கினால் முதுகெலும்பு நொறுங்கினாலும் நொறுங்கும். மலையில் இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

சென்னையில் மகன் வீட்டில் ஓர் அறை ஒழித்து வைத்தார்கள். ஒன்பதாவது மாடி. அப்பத்தா ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார்: "வண்டியப் பாருங்க."

வண்டியைப் பார்த்ததில் முன்பக்கம் இடது வில்லில் மெயின் பட்டை ஒடிந்திருந்தது. ஆகவே நாங்கள் மூவரும் - சிநேகிதி, இன்ஜினீயரிங் முடித்த அவள் மகன், நான் - ஜீப்பை மெள்ள இறக்கிக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தோம்.

வில் வாங்குவதில் அப்படி என்ன இருக்கிறது, கடையில் கேட்டால் கொடுக்கிறான் என்று நினைப்பீர்கள். புடைவை எடுப்பதற்காவது ஒரு மணி நேரத்தில் முடிவு கட்டிவிடலாம். இதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அபிப்பிராயங்கள் அத்தனை!

பேரனுக்கு ஓர் ஆசை. கைப்பேசியில் படம் காட்டினான். ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஓர் ஆட்டுக்குட்டி தாராளமாக நுழைந்து போகிற மாதிரி. மூன்று அங்குலம் உயர்த்துகிற வில் கிடைக்கிறதாம். "கல்லு தட்டாது அத்தை, பார்க்கவும் ஜோராக இருக்கும்" என்றான். அப்பத்தாவுக்குப் போன் செய்து சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து, "நல்லதுதாண்டா தம்பி. நான் ஏறுறதுக்கு ஏணி வாங்கிட்டியா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. புடைவை கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறியவர்களுக்குத்தான் மூன்று அங்குலம் என்றால் எவ்வளவு என்று தெரியும்.

முதலில் போன கடைக்காரர் வேறு மாதிரி. "ஹெவி செட் போட்டுட்டுப் போங்கம்மா, ஆயுசுக்கும் உடையாது" என்று கனமான பட்டைக் கட்டு ஒன்றை மேஜை மேல் தொப்பென்று போட்டார். எந்த என்ஜின், எவ்வளவு பாரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடையாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வில் உடையாமல் ஆள் உடைந்தால்?

பேகம்பூர்ப் பக்கத்தில் பழைய ஜீப்புகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று அழைத்துப் போனார்கள். பெரியவர், எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இதுல யாரும்மா உக்காருவாங்க? என்ன பாரம் ஏறும்? அத மொதல்ல சொல்லுங்க. ஸ்பிரிங்க அப்புறம் பாப்போம்."

அப்பத்தா ஒருவர், டிரைவர், சில நாள் இரண்டு மூட்டை காப்பிக் கொட்டை. சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு டேப்பை எடுத்தார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் அச்சின் மேலிருந்து சேஸிஸ் வரை அளந்தார். முன் இடது பக்கம் தணிந்திருந்தது, அது தெரிந்ததுதான். பின்பக்கம் இரண்டும் சரியான உயரம். "பின்னால பாருங்க" என்று பம்பர் மேல் ஏறி நின்று ஆட்டினார். வண்டி அசையவே இல்லை.

இங்கே நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். கையில் இருக்கிற இந்தப் பத்திரிகையை இரண்டு ஓரத்திலும் பிடித்து லேசாக வளையுங்கள். வளைகிறதல்லவா? பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓரத்தில் படிக்கட்டு மாதிரி நிற்பதைப் பாருங்கள். இப்போது எல்லாப் பக்கத்துக்கும் பசை தடவி ஒட்டிக் காய வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். அது பத்திரிகையாக இராது, பலகை! (தொடர்கதையைப் படித்து முடிக்காமல் ஒட்டிப் பார்த்துவிடாதீர்கள்.) ஜீப் வில்லில் நடப்பதும் இதுதான். பட்டைகள் வழுக்குகிற வரைக்கும் அது வில். நடுவே துருப் பிடித்துக் கவ்விக்கொண்டால் பலகை. அப்பத்தாவின் முதுகைப் பதம் பார்த்தது ஒடிந்த முன் வில் மட்டுமல்ல. எவ்வளவோ வருஷமாக ஈரமும் புழுதியும் ஏறி இறுகிப்போன பின் வில்லுந்தான்.

பின் வில்லைக் கழற்றிப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். துருவைத் தேய்த்து எடுத்து, ஒவ்வொன்றிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார் பாய். வெடிப்பு இல்லை. நடுவே கிராபைட் கிரீஸ் தடவி மறுபடி கட்டினார்கள். புது ஷேக்கிள், புது புஷ். புதுப் பின் வில் வாங்க வேண்டிய செலவு மிச்சம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் லாபம், சொல்லவில்லை.

முன் வில்லில் பேரன் இன்னும் விடவில்லை. உயரம் வேண்டாம், பட்டையையாவது கொஞ்சம் கனமாகப் போடலாம் என்றான். பாய் சிரித்துக்கொண்டே, "தம்பி படிச்ச புள்ள. கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார். அவன் போட்டான். பட்டையின் கனம் கூடினால் விறைப்பு அதே அளவு கூடுவதில்லை, கனத்தின் மூன்றாம் பெருக்கமாகக் கூடுகிறது. 6 மில்லிமீட்டர்ப் பட்டையை 7 ஆக்கினால் ஆறில் ஒரு பங்கு விறைப்பு ஏறும் என்றுதானே தோன்றும்? ஏறக்குறைய 60 சதவிகிதம் ஏறிவிடுகிறது! 12 ஆக்கினால் எட்டு மடங்கு. அதனால்தான் ஒரே கனப் பட்டையாக வைக்காமல், மெல்லிய பட்டைகள் பலவாக அடுக்குகிறார்கள்: பாரத்தைத் தாங்கவும் வேண்டும், வளையவும் வேண்டும். பேரன் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஹெவி என்ற பேச்சே இல்லை.

ஜீப் வில் என்று பொதுவாகக் கேட்கக் கூடாது என்பதையும் இங்கேதான் கற்றுக்கொண்டோம். பிற்காலத்து மகிந்திரா ஜீப்புகளில் டீஸல் என்ஜின் வைத்தார்கள். அது பெட்ரோல் என்ஜினைவிடக் கனம். அந்தக் கனத்துக்கென்று செய்த முன் வில்லைப் பெட்ரோல் ஜீப்பில் மாட்டினால், வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு பழைய வண்டி இருந்தால், என்ஜின் இன்னது என்று சொல்லுங்கள். ஒடிந்த வில்லையும் கையோடு எடுத்துப் போங்கள். பட்டையின் அகலம் (பழைய வில்லிஸ் ஜாதி ஜீப்பில் ஒன்றே முக்கால் அங்குலம்), நீளம், எண்ணிக்கை, கனம் நான்கையும் ஒத்துப் பாருங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

நாங்கள் எடுத்த வில்லில் இன்னொரு சிறப்பு. மெயின் பட்டையின் நுனியில் சுருட்டிய காது இருக்கிறதே, அதை இரண்டாவது பட்டையும் வெளியிலிருந்து தழுவிச் சுற்றியிருந்தது. மெயின் பட்டை மலை வளைவில் ஒடிந்தாலும், அச்சு நழுவி ஓடாமல் இரண்டாவது பட்டை பிடித்துக்கொள்ளும். கடையில் இரண்டு செட் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. ஒன்றில் இந்தத் தழுவல் இருந்தது, மற்றதில் இல்லை. மலைக்குப் போகிற வண்டிக்கு நிறத்தைப் பார்க்காமல் இதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய வில் ஏன் ஒடிந்தது? பாதையைத்தான் எல்லோரும் வைதார்கள். பாய் ஒடிந்த இடத்தைக் காட்டினார். சரியாக நடுவில், சென்டர் போல்ட் துளையில். "ரோடு ஒடைக்கலம்மா. யூ போல்ட் தளந்து கெடந்திருக்கு" என்றார். வில்லை அச்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவது யூ போல்ட். அது தளர்ந்தால் நடுப்பகுதியும் வளையத் தொடங்கும், துளை இருக்கிற இடம் பலவீனமானது, அங்கே வெடிக்கும். பழைய யூ போல்ட்டையே மறுபடி மாட்டாமல் புதிது போட்டார். கொஞ்ச நாள் ஓடியதும் பட்டைகள் படிந்து உட்காரும், அப்போது ஒரு தடவை இறுக்க வேண்டும், 500 கிலோமீட்டரில் கட்டாயம் வந்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒடிந்த பட்டையை வெல்டிங் வைக்கலாமே என்று டிரைவர் கேட்டார். செலவு குறைவு என்று நமக்கும் தோன்றும். கூடாது. எஃகுக்கு உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. பட்டையைச் சுமார் 850 டிகிரி வரை சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் 450 டிகிரி அளவில் காய்ச்சி ஆற விடுவார்கள். அதற்குப் பெயர் பதம் போடுவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அடுத்த பள்ளத்தில் அங்கேயே ஒடியும். தணிந்த வில்லை நிமிர்த்தித் தருகிற பட்டறைகளும் உண்டு. பதம் தெரிந்த கை என்றால் கொடுக்கலாம். வெறுமனே சம்மட்டியால் அடித்து வளைத்துத் தந்தால் மாதம் ஒன்றில் மறுபடி படுத்துவிடும்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இரும்பின் பதம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருக்குமா? மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் திறந்து பார்த்தால் அதற்குள்ளேயும் நெம்புகோல்களை அமுக்கிப் பிடிக்கும் சின்னஞ்சிறு வில்கள் இருக்கின்றன. கையாலேயே செய்கிற இந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஆலைப் பூட்டோடு போட்டி போட்டு இளைத்துவிட்ட தொழில்தான். நாங்கள் ஒரு பூட்டும் வாங்கினோம். வில் வாங்கப் போன இடத்தில் பூட்டு வாங்காமல் வந்தால் ஊர் கோபித்துக்கொள்ளாதா?

மறுநாள் மலைக்குத் திரும்பினோம். செம்பட்டி தாண்டி, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகள். வலது கைப் பக்கம் மலை, பக்கத்தில் வந்து வந்து நின்றது. தெற்கே கொஞ்ச தூரத்தில் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊர். புறப்படும்போதே பாய் டயரின் காற்றைக் குறைத்துவிட்டிருந்தார். லாரிக்கு அடிப்பது போல் காற்றை அடித்துவிட்டு வில்லைக் குற்றம் சொல்லுவார்களாம். மலை ஏறும்போது மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் நிழல் மாறி மாறி மேலே விழுந்தது. கல்லுப் பாதை வந்தது. நான் வழக்கம்போல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஜீப் காராகிவிடவில்லை; ஆடியது, சாய்ந்தது, இரைந்தது. ஆனால் இடி இல்லை. மேலே தூக்கிப் போட்டுக் கீழே அறைகிற அந்த அறை இல்லை.

பின் பெஞ்சில் அப்பத்தா இனி உட்காரக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். பின் பெஞ்சு சரியாகச் சக்கரத்தின் மேல் இருக்கிறது. எந்த வில் போட்டாலும் குலுக்கல் அங்கேதான் ஜாஸ்தி. முன் ஆசனம் இரண்டு அச்சுக்கும் இடையில் இருக்கிறது. கணவர் இருந்த காலம் முழுவதும் அப்பத்தா பின்னால் உட்கார்ந்தே பழகியவர். அந்த வழக்கத்தை விடச் சொல்வதுதான் வில் மாற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது! கடைசியில் பேரன் கையைப் பிடித்து முன் ஆசனத்தில் ஏற்றினான். ஒரு படிதான். ஏணி வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போய் வந்தார்கள். வலி அதிகமாகவில்லை. அடுத்த மாதம் இரண்டு தடவையும் போய் வந்தாயிற்று. சென்னை அறையில் இப்போது பேரனின் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்வி. மழைக்காலம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று சிநேகிதி சொல்கிறாள். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

500 கிலோமீட்டர் ஆனதும் யூ போல்ட் இறுக்க ஜீப் திண்டுக்கல் வந்தது. அப்போது அப்பத்தாவும் கூடவே வந்தார். பாய் பட்டறை மூலையில் கிடந்த ஒடிந்த பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கொடுத்தார்கள். இந்த எஃகில்தான் அருவாளும் அரிவாள்மணையும் அடிக்கிறார்கள். வில்லாக இருக்க ஒரு பதம், வெட்டுவதற்கு வேறு பதம். ஆசாரி பட்டையைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது.

"நல்ல இரும்பும்மா. ரெண்டு அரிவாள்மணை வரும்" என்றார்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு இவளுக்கு" என்று அப்பத்தா என்னைக் காட்டினார்.

"தேங்காய் துருவப் பல்லு வைக்கணுமா?" என்று கேட்டார் ஆசாரி.

"வைக்காம?" என்றார் அப்பத்தா.